அம்மாவுக்கு மாக்குலா சிதைவு: பிள்ளைகள் நாங்கள் டிஎன்ஏ டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

#1 செந்தூல்வாசி

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு கண்ணிலும் வயது சார்ந்த மாக்குலா சிதைவு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய். இடது கண்ணில் ரத்தக்குழாய் கசியும் ஈர வகை என்று சொல்லி ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர், நான் மூத்தவன், 48. மெல்பர்னில் இருக்கும் தம்பி, எச்சில் அனுப்பிப் பார்க்கும் டிஎன்ஏ கிட் மூன்று வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். தங்கைக்கு அதில் இஷ்டமில்லை. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்கிறாள்.

என் சந்தேகம் இதுதான். கண் கிளினிக்கில் பாரம் (படிவம்) நிரப்பும்போது பங்சா, அதாவது இனம், என்ற கட்டமும் இருந்தது. பக்கத்தில் காத்திருந்த சீன அம்மா ஒருவர், "இது வெள்ளைக்காரர் வியாதி என்று என் மகன் படித்தானாம், நமக்கு ஏன் வந்தது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த நோய்க்கு இனம் உண்டா? இந்தியர்களுக்கு அதிகமா, குறைவா? கிட் வாங்குவது காசுக்குத் தண்டமா?

#2 பிஜே_கண்ணாடிக்காரன்

அண்ணே, அம்மாவின் ஊசித் தேதியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஈர வகையில் பார்வை போவதற்குப் பல வருடம் ஆகாது, வாரக் கணக்கிலேயே போய்விடும். மரபணுவைப் பற்றிப் பேச எவ்வளவோ நேரம் இருக்கிறது.

நான் பார்வை பரிசோதகர், மரபணு என் துறை இல்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடும் என்பதில் சந்தேகமே இல்லை. உங்கள் மூவரில் சிகரெட் பிடிப்பவர் யார்? முதலில் அதைச் சொல்லுங்கள். புகைப்பவருக்கு இந்த நோய் வரும் ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறுகிறது. நம் கையில் இருக்கும் காரணங்களில் இதுதான் பெரியது.

#3 கிள்ளான்_தாத்தா

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் காலத்தில் இந்தப் பெயரையெல்லாம் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது காலை முதல் இரவு வரை கைபேசியைப் பார்க்கிறார்கள், கண் கெடுகிறது. இதற்கு டிஎன்ஏ எதற்கு?

#4 ஆய்வகப்பூனை

தாத்தா, அந்தக் காலத்துத் தோட்டத்தில் எத்தனை பேர் 75 வயதைப் பார்த்தார்கள்? பார்த்தவர்களில் "கண்ணு மங்கிப் போச்சு" என்று ஐந்தடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) உட்கார வைத்தவர்களுக்கு என்ன நோய் என்று யார் சோதித்தார்கள்? கைபேசி வெளிச்சம் மாக்குலா சிதைவைக் கொண்டுவருகிறது என்று காட்டும் ஆதாரம் கிடையாது. கண் உலர்ந்து போகும், கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

செந்தூல்வாசி, நான் மரபணு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், டாக்டர் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வெள்ளைக்காரர் வியாதி" என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2005இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே மரபணுவில் போய் நின்றன. அதன் பெயர் சிஎஃப்எச். கிருமிகளை அழிக்க நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அது எல்லை மீறி நம் திசுவையே தாக்கிவிடாமல் அடக்கி வைப்பதுதான் சிஎஃப்எச் புரதத்தின் வேலை. அந்தப் புரதத்தின் 402ஆவது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே ஹிஸ்டிடின் இருக்கிறது. அப்படி இருந்தால் அடக்கும் வேலை சரியாக நடப்பதில்லை, விழித்திரைக்கு அடியில் அழற்சி மெல்ல மெல்லச் சேர்கிறது. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ ஒரு பிரதி வந்தால் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் ஐந்து மடங்குக்கும் மேல்.

இந்த மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 100 பிரதிக்கு 35 முதல் 40 வரை காணப்படுகிறது. சீனர், ஜப்பானியரிடம் 10க்கும் குறைவு. இந்தியத் துணைக்கண்டத்தவரிடம் சுமார் 30. ஆக இந்த ஒரு மாற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நாம் பக்கத்து வீட்டுச் சீனரைவிட லண்டன்காரருக்குத்தான் நெருக்கம்.

ஆனால் கதை இங்கேயே முடிந்திருந்தால் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் இந்த நோய் ஏகமாக வந்திருக்க வேண்டும். அவர்களிடமும் இதே மாற்றம் ஏறத்தாழ ஐரோப்பியர் அளவுக்கு இருக்கிறது. நோயோ அவர்களிடம் குறைவு! எனவே ஒரு மரபணுவின் எண்ணிக்கையைப் பார்த்து ஓர் இனத்தின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது.

இரண்டாவது பெரிய இடம் 10ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அங்கே ஏஆர்எம்எஸ்2, எச்டிஆர்ஏ1 என்று இரண்டு மரபணுக்கள் ஒட்டினாற்போல் கிடக்கின்றன. உண்மையான குற்றவாளி எது என்று ஆய்வாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். இங்கே நிலவரம் தலைகீழ்: ஆபத்தான வடிவம் ஐரோப்பியரிடம் 100க்கு 20 என்றால் கிழக்காசியரிடம் 40 வரை. அந்தச் சீன அம்மாவின் மகன் படித்தது பாதிதான். ஆரம்ப நிலை மாக்குலா கோளாறு ஆசியரைவிட ஐரோப்பியரிடம் அதிகம் என்பது சரி. அதற்காக ஆசியருக்கு வராது என்று அர்த்தமில்லை, வேறு வழியாக வருகிறது.

2016இல் உலகம் முழுவதும் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது 34 மரபணு இடங்களில் 52 மாற்றங்கள் கிடைத்தன. இத்தனையும் சேர்ந்து, அதன் மேல் வயதும் சிகரெட்டும் சேர்ந்துதான் நோய்.

#5 செந்தூல்வாசி

மிக்க நன்றி. மூன்று முறை படித்தேன். சிகரெட் பிடிப்பவன் தம்பிதான், கிட் வாங்கத் துடிப்பவனும் அவன்தான்!

அப்படியென்றால் அந்தச் சீன அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே பெயர், வேறு வேறு நோய் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#6 பிஜே_கண்ணாடிக்காரன்

வேறு நோய் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஈர வகைக்குள்ளேயே பாலிபாய்டல் என்று ஓர் உட்பிரிவு உண்டு. விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் நுனியில் சின்னச் சின்னதாகப் புடைத்துக்கொண்டு ரத்தம் கசியும். ஆசியரிடம், குறிப்பாகக் கிழக்காசியரிடம், இது ஐரோப்பியரைவிட நிறையவே காணப்படுகிறது. சாதாரண ஸ்கேனில் சந்தேகம் வந்தால் பச்சைச் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள். சிலருக்கு ஊசியோடு ஒரு வகை லேசரும் சேர்த்துச் செய்தால் பலன் கூடுகிறது. இந்தியருக்கும் இது வரும். ஆகவே டாக்டரிடம் "அம்மாவுக்குப் பாலிப் இருக்கிறதா?" என்று கேளுங்கள். எந்த டிஎன்ஏ கேள்வியையும்விட இதற்குக் கிடைக்கும் பதில் சிகிச்சையை மாற்றக்கூடியது.

#7 சிண்டியன்_ஜெலுத்தோங்

பினாங்கிலிருந்து ஒரு குறுக்குக் கேள்வி. என் அப்பா தமிழர், அம்மா ஹொக்கியன் சீனர். பாரத்தில் அப்பாவின் இனத்தை வைத்து நான் "இந்தியர்". ஆய்வகப்பூனையின் கணக்கில் நான் எந்தப் பக்கம்?

கேட்கக் காரணம் உண்டு. அம்மாவின் அக்காவுக்கு ஒரு ராத்திரி திடீரென்று தலைவலி, வாந்தி, ஒரு கண் சிவப்பு. ஒரு கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பார்த்தால் கண் அழுத்தம் உச்சத்தில் இருந்திருக்கிறது. அந்தக் கண்ணில் பார்வை பெருமளவு போய்விட்டது. இது மாக்குலா இல்லை, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) என்று தெரியும். ஆனாலும் இதே கேள்விதானே?

#8 ஆய்வகப்பூனை

இதே கேள்விதான், இன்னும் நல்ல உதாரணம்.

கிளாக்கோமாவில் இரண்டு பெரிய கிளைகள். திறந்த கோண வகை சத்தமில்லாமல் வருடக்கணக்கில் நரம்பைத் தின்னும். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இது மிக அதிகம். உங்கள் பெரியம்மாவுக்கு வந்தது மூடிய கோண வகை, அதிலும் திடீர்த் தாக்கு. கண்ணுக்குள் நீர் வடியும் மூலை அடைத்துக்கொள்கிறது. சீனர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

2012இல் இந்த மூடிய கோண வகைக்கு முதன்முதலாக மூன்று மரபணு இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று பிளெக்கா7, இன்னொன்று சிஓஎல்11ஏ1. முதல் கட்ட மாதிரிகள் ஹாங்காங், சிங்கப்பூர், வியட்நாம், இந்தியா, நம் மலேசியா ஆகிய இடங்களிலிருந்து வந்தவை. நம் ஊர் ஆட்களின் ரத்தம் அந்த ஆய்வில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

ஆனால் அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது ஒன்றரை மடங்குக்குள்தான். உங்கள் அம்மாவின் கண்ணை விளக்கு வைத்துப் பார்த்தால் முன்னறை ஆழமா, குறுகலா என்று நேரடியாகவே தெரிந்துவிடும். கண்ணையே பார்க்க முடிகிற இடத்தில் மரபணுவைப் பார்த்து ஊகம் செய்வானேன்?

நீங்கள் எந்தப் பக்கம் என்றால், ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒவ்வொரு பக்கம். சிஎஃப்எச் இரண்டு பிரதியில் ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. பாரத்தில் இருக்கும் கட்டம் ஒன்று, உங்கள் உடம்பில் இருப்பது இரண்டு குடும்பத்தின் சரக்கு.

#9 பிஜே_கண்ணாடிக்காரன்

சிண்டியன் தம்பி, அம்மாவுக்கு 50 தாண்டியிருந்தால், பெண் என்பதாலும் அக்காவுக்கு வந்தது என்பதாலும் உடனே கோணத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கோனியோஸ்கோபி என்று பெயர். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு ஒரு லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. தூரப்பார்வைக் கண்ணாடி, அதாவது பிளஸ் பவர் போடுபவர் என்றால் இன்னும் முக்கியம். சோதிக்கும் வரை மருந்துக்கடையில் சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை வாங்கும்போது கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். குறுகிய கோணம் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் தாக்கைத் தூண்டிவிடும்.

#10 டேட்டா_தம்பி

எல்லாரும் கிட்டுக்கு எதிராகவே பேசுகிறீர்களே. நான் எடுத்தேன். மாக்குலா நோய்க்கு "ஆபத்து கூடவில்லை" என்று வந்தது. மனசுக்கு நிம்மதி. தகவல் கையில் இருப்பது நல்லதுதானே? செந்தூல்வாசியின் தம்பிக்கு "ஆபத்து அதிகம்" என்று வந்தால் சிகரெட்டை விடலாம் இல்லையா?

#11 ஆய்வகப்பூனை

தம்பி, அந்த அறிக்கையின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். இப்படிப்பட்ட கிட் 52 மாற்றங்களையும் பார்ப்பதில்லை. நான் பார்த்த அறிக்கைகளில் சிஎஃப்எச்சில் ஒன்று, ஏஆர்எம்எஸ்2இல் ஒன்று, மொத்தம் இரண்டு. அதன் கணக்கும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்ட கணக்கு. 2016 நிலவரப்படி உலகின் பெரிய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். நமக்கே உரிய ஆபத்து மாற்றம் ஏதாவது இருந்தால் அதைத் தேடிப் பார்த்தவர்களே குறைவு. எனவே "கூடவில்லை" என்பது "நாங்கள் பார்த்த இரண்டில் கூடவில்லை" என்று பொருள்.

அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2012லேயே, மாக்குலா சிதைவு, முதுமையில் வரும் திறந்த கோண கிளாக்கோமா போன்ற நோய்களுக்கு வழக்கமாக மரபணுச் சோதனை செய்ய வேண்டாம் என்று சொன்னது. முடிவு எப்படி வந்தாலும் செய்யப்போவது ஒன்றே என்பதுதான் காரணம்.

வம்சத்துக்கு வம்சம் கணக்கு எப்படிக் கவிழும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எல்ஓஎக்ஸ்எல்1. 60 வயதுக்கு மேல் சிலருக்குக் கண்ணின் லென்ஸ் மேல் சாம்பல் தூவியது போல வெண்துகள் படியும். இதை எக்ஸ்ஃபோலியேஷன் என்பார்கள். அழுத்தம் ஏறும், கண்புரை ஆபரேஷனில் லென்ஸைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்து தொல்லை கொடுக்கும். தமிழ்நாட்டு முதியவர்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுவது. 2007இல் ஐஸ்லாந்தில் தொடங்கிய ஆய்வில் இந்த மரபணுவில் இரண்டு மாற்றங்கள் நோயோடு வலுவாக ஒட்டி வந்தன. முதல் மாற்றத்தில் 'ஜி' என்ற டிஎன்ஏ எழுத்து இருந்தால் ஆபத்து என்றார்கள். ஜப்பானில் பார்த்தால் அதே இடத்தில் 'டி' இருப்பவருக்குத்தான் ஆபத்து! இரண்டாவது மாற்றத்தில் தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவரிடம் அதேபோலத் தலைகீழ். தென்னிந்தியாவில் சோதித்தபோது அந்த இரண்டாவது மாற்றம் ஐஸ்லாந்து திசையிலேயே நின்றது, முதலாவது பெரிதாக எதையும் காட்டவில்லை.

ஒரு நாட்டில் ஆபத்து என்று சிவப்பில் வரும் எழுத்து இன்னொரு நாட்டில் பாதுகாப்பு என்று பச்சையில் வர வேண்டும். அப்படியென்றால் அந்த எழுத்தே காரணம் இல்லை, உண்மைக் காரணம் அதன் அக்கம்பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஐஸ்லாந்துக் கணக்கை எடுத்து ஜப்பான்காரருக்கு அறிக்கை கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

#12 டேட்டா_தம்பி

நியாயம். ஆனால் தரவு வேண்டும் என்றால் நம் ஆட்கள் கொடுத்தால்தானே வரும்? எல்லாரும் ஒதுங்கினால் இன்னும் இருபது வருடம் கழித்தும் இதே 81தான் இருக்கும்.

#13 ஆய்வகப்பூனை

அதில் உங்களோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்கு ரத்தம் கேட்டால், ஒப்புதல் தாளை நிதானமாகப் படித்துவிட்டுக் கொடுங்கள். சிங்கப்பூரில் மலாய்க்காரர், இந்தியர், சீனர் என்று தனித்தனியாக ஒவ்வொரு குழுவிலும் 3,000க்கு மேற்பட்டவர்களை, 40 வயதைத் தாண்டியவர்களை, அழைத்துக் கண்ணையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். 2004இல் மலாய்க்காரர்களில் தொடங்கி 2011இல் சீனர்களோடு முடிந்தது. அங்குள்ள இந்தியர்களில் தமிழர்தானே பெரும்பான்மை. ஆசியக் கண்களைப் பற்றி இன்று நாம் உறுதியாகப் பேசுவதில் ஒரு பெரும்பகுதி அந்த வேலையிலிருந்து வந்தது.

கிட் கம்பெனிக்குக் காசும் கொடுத்து எச்சிலும் கொடுப்பது வேறு விஷயம்.

#14 தாதி_அம்மா

நான் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லாம் படித்தேன், நல்ல விவரங்கள். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நேரம் இந்தியர் கண்ணைப் பற்றிப் பேசினீர்கள், இனிப்புநீரைப் (சர்க்கரை நோயை) பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014இல் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த தேசியக் கண் ஆய்வில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் ஆபரேஷன் செய்யாமல் விட்ட கண்புரை, 58.6 விழுக்காடு. அடுத்தது இனிப்புநீர் விழித்திரை நோய், 10.4. அதற்குக் கீழேதான் கிளாக்கோமா. கண்புரை ஒரு ஆபரேஷனில் தீரும் விஷயம். அதற்குப் பயந்துகொண்டு "இன்னும் பழுக்கவில்லை" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் எத்தனை பேர் தெரியுமா? இப்போது பழுக்கும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. முற்றினால் ஆபரேஷன்தான் கஷ்டமாகும்.

இனிப்புநீர் உள்ளவர்கள் வருடா வருடம் விழித்திரைப் படம் எடுக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டுக் கொடுத்தாலும், "கண்ணு நல்லாத்தான் தெரியுது மிஸ்ஸி" என்று வராமல் போய்விடுவார்கள். நன்றாகத் தெரியும்போதே விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கியிருக்கும்.

#15 ஆய்வகப்பூனை

அம்மா சொல்வது சரி. இனிப்புநீரிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு, தெற்காசியர்களுக்கு ஒல்லியான உடம்பிலேயே அது வந்துவிடுகிறது. ஆனால் அதிலிருந்து விழித்திரையைக் காப்பாற்றுவது சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் வருடாந்தரப் படமும்தான். அங்கே எந்த மரபணு அறிக்கையும் இதற்குக் கிட்டே வராது.

#16 கிள்ளான்_தாத்தா

எனக்கு இனிப்புநீர் இருபது வருடமாக இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்பது மட்டும் பொய்யில்லையே? கடையில் மாக்குலா வைட்டமின் என்று ஒரு டப்பா விற்கிறான், விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது.

#17 பிஜே_கண்ணாடிக்காரன்

கீரை நல்லது தாத்தா, தாராளமாகச் சாப்பிடுங்கள். லூட்டின் என்ற மஞ்சள் நிறமி அதில் இருக்கிறது, மாக்குலாவிலும் அதுதான் இருக்கிறது.

டப்பா விஷயம்: அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2001இல் வந்தது. நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றிவிட்டவர்களுக்கும், நோய் முற்றும் வாய்ப்பை அந்த வைட்டமின், துத்தநாகக் கலவை சுமார் 25 விழுக்காடு குறைத்தது. நோயே இல்லாதவர் சாப்பிட்டால் தடுக்கும் என்று அது காட்டவில்லை. உங்களுக்கு மாக்குலா கோளாறு இல்லையென்றால் அந்தக் காசுக்குக் கீரையும் மீனும் வாங்குங்கள்.

செந்தூல்வாசி, அம்மாவுக்கு இது பொருந்தும், டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பழைய கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைப்பவருக்கும் முன்பு புகைத்தவருக்கும் அது நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் 2013இல் வந்த இரண்டாவது சோதனைக்குப் பிறகு லூட்டினும் ஸீயாஸாந்தினும் போட்டு மாற்றிவிட்டார்கள். மெல்பர்ன் தம்பி எதையாவது வாங்கி விழுங்குவதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.

#18 சிண்டியன்_ஜெலுத்தோங்

ஒரே ஒரு சந்தேகம். சிகிச்சைக்கே உதவாது என்றால் சிஎஃப்எச்சைக் கண்டுபிடித்து என்ன லாபம்?

#19 ஆய்வகப்பூனை

சோதனையாக உதவவில்லை, மருந்தாக உதவ ஆரம்பித்திருக்கிறது. உலர் வகை முற்றி விழித்திரை திட்டுத்திட்டாகக் கரைவதற்கு மருந்தே இல்லாமல் இருந்தது. 2023இல் அமெரிக்காவில் பெக்செட்டாகோப்ளான், அவாசின்காப்டாட் என்று இரண்டு ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டும் அந்தக் காம்ப்ளிமென்ட் கூட்டத்தைக் கட்டுப்படுத்துபவை. 2005 கண்டுபிடிப்பு இந்தப் பாதைக்குப் பெரிய உந்துதல். இழந்த பார்வையை இவை திருப்பித் தராது, கரைவதை மெதுவாக்கும். மரபணு அறிக்கை பார்த்து இந்த ஊசியைக் கொடுப்பதும் இல்லை.

#20 செந்தூல்வாசி

தம்பியிடம் பேசினேன். கிட்டுக்கு வைத்திருந்த பணத்தில் அம்மாவின் ஊசிச் செலவில் ஒரு பங்கு தருகிறேன் என்றான். சிகரெட்டைப் பற்றி எடுத்ததும் "சிக்னல் சரியில்லை" என்று போனை வைத்துவிட்டான், பார்ப்போம். அம்மாவுக்குப் பாலிப் உண்டா என்று அடுத்த ஊசியன்று டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.

தங்கைக்கும் எனக்கும் கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

#21 தாதி_அம்மா

அரசாங்க மருத்துவமனை என்றால் முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அம்மாவின் விழித்திரை ஸ்கேன் பிரதி, நீங்கள் போடும் கண்ணாடி, சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஒரு பையில். குடும்பத்தில் யாருக்கு எந்தக் கண் நோய், எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அப்பா வழியையும் சேர்த்து. கண்மணி விரியச் சொட்டு விடுவார்கள், சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். இரண்டு பேரும் ஒரே காரில் போய் ஒரே நேரத்தில் சொட்டு விட்டுக்கொண்டால் திரும்பி ஓட்டிவர ஆள் இருக்காது. எல்ஆர்டி ரயிலில் போங்கள்.